மாடுகள் ஏறிய ஓடம்: ஒரு டச்சு ஆற்றுக்காட்சியை எப்படிப் பார்ப்பது?

வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் உள்ள ஒரு பழைய டச்சு ஓவியத்தின் படத்தை நண்பர் ஒருவர் பார்த்திருக்கிறார். "ஓர் ஆறு, சில மரங்கள், ஓடத்தில் மாடுகள், மேலே மேகம். கதையும் இல்லை, நாயகனும் இல்லை. இதில் அப்படி என்ன இருக்கிறது? அந்த ஆட்கள் ஆற்றில் என்னதான் செய்கிறார்கள்? இந்தப் படம் அமெரிக்காவுக்கு எப்படிப் போனது?" என்று கேட்டிருக்கிறார். மூன்றும் நல்ல கேள்விகள். எனக்கு மிகவும் பிடித்த ஓவியங்களில் ஒன்று என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஓவியத்தின் பெயர் 'ஓடத்துடன் ஓர் ஆற்றுக்காட்சி'. வரைந்தவர் சாலமன் வான் ராய்ஸ்டால். ஆண்டு 1649. கித்தானில் எண்ணெய் வண்ணம். உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர், அகலம் அதைவிடக் கூடுதல். சாலமன் வரைந்த ஆற்றுக்காட்சிகளில் இது பெரியவற்றில் ஒன்று.

முதலில், அந்த ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். அது புரிந்துவிட்டால் மற்ற இரண்டும் எளிது.

இன்று நாம் ஆற்றைப் படத்தில் பார்த்தால் 'இயற்கைக் காட்சி' என்கிறோம். பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்துக்காரருக்கு ஆறு என்றால் சாலை. நாடு முழுக்கத் தாழ்ந்த நிலம், சதுப்பு, ஏரி, வாய்க்கால். மண் சாலைகள் மழைக்காலத்தில் சேறாகிவிடும், பாரவண்டி புதைந்துவிடும். அதனால் பீர் பீப்பாய், பாலாடைக்கட்டி, செங்கல், தானியம், நகரத்து அடுப்புகளில் எரிக்க வெட்டியெடுத்த கரிமண் என எல்லாமே தண்ணீர் வழியாகத்தான் போயின. ஊருக்கும் ஊருக்கும் இடையே முறை வைத்துப் படகு ஓட்டும் ஏற்பாடு இருந்தது. எந்தப் படகு எப்போது கிளம்ப வேண்டும், என்ன கூலி வாங்கலாம் என்பதை நகர மன்றங்களே தீர்மானித்தன. 1632-ல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லமுக்கும் இடையே இதற்கென்றே நேராக ஒரு கால்வாய் வெட்டி முடித்தார்கள். கரையில் குதிரை நடக்கும், கயிற்றின் மறுமுனையில் பயணிகள் படகு வரும். குறித்த நேரத்தில் கிளம்பும், சுமார் இரண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இப்படிக் கடிகாரத்தை நம்பிப் பயணம் போன இடங்கள் அதிகம் இல்லை.

இப்போது படத்தில் இருக்கும் ஓடத்தைப் பாருங்கள். கலைக்கூடத்தின் இணையதளத்தில் உயர்தரப் படத்தை இலவசமாகவே வைத்திருக்கிறார்கள், முடிந்த அளவு பெரிதாக்கிப் பாருங்கள். அது இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போகும் சாதாரண ஓடம்தான். இந்த வகை ஓடத்துக்கு அடிப்பாகம் தட்டையாக இருக்கும். முனைகள் சரிவாக இருக்கும், கால்நடைகள் கரையிலிருந்து நேராக நடந்து ஏறுவதற்காக. மாடுகளும் மனிதர்களும் அதில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஓடம் பாரத்தில் அமிழ்ந்து, விளிம்பு தண்ணீரை ஒட்டியே வருகிறது. மாட்டைப் படகில் ஏற்றிப் பழகியவர்களுக்கு இதன் படபடப்பு தெரியும். ஒன்று மிரண்டு ஒரு பக்கம் சாய்ந்தால் மற்றவையும் சாயும், ஓடம் கவிழ்ந்துவிடும். ஆனால் இந்த மாடுகள் அமைதியாக நிற்கின்றன. தினமும் போய்வந்து பழகிய மாடுகள். அந்த அமைதியை சாலமன் தண்ணீரிலும் கொண்டுவந்திருக்கிறார். ஓடத்தின் நிழல் அதன் அடியிலேயே விழுகிறது, அலை அதை லேசாகக் கலைக்கிறது, அவ்வளவுதான்.

மாடு ஏன் ஆற்றைக் கடக்க வேண்டும்? மேய்ச்சல் நிலம் அக்கரையில் இருந்ததால்தான். ஹாலந்துக்காரர்கள் ஏரிகளைச் சுற்றிக் கரை எழுப்பி, காற்றாலைகளால் தண்ணீரை இறைத்து வெளியேற்றி நிலம் எடுத்தார்கள். 1612-ல் பெய்ம்ஸ்டர் ஏரியை அப்படித்தான் வற்றவைத்தார்கள். இப்படிக் கிடைத்த ஈர நிலத்தில் பெரும்பகுதி கோதுமைக்கு ஒத்துவராது, புல்லுக்கு அருமையாக ஒத்துவரும். அதனால் அவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். தானியத்தைப் பால்டிக் கடல் பக்கத்திலிருந்து கப்பலில் இறக்கிக்கொள்வது, உள்ளூர் நிலத்தில் மாடு மேய்த்து வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்பது. டென்மார்க்கிலிருந்து மெலிந்த எருதுகளை ஓட்டிவந்து இங்கே மேயவிட்டுக் கொழுக்க வைக்கும் வியாபாரமும் பெரிதாக நடந்தது. ஆக, அந்த ஓடத்தில் நிற்பது ஒரு நாட்டின் வருமானம். அந்தக் காலத்தில் அச்சான படங்களில் ஹாலந்தையே ஒரு கொழுத்த பசுவாக வரைந்து காட்டுவதும் வழக்கம்.

நமக்கு ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள் என்றால் பழவேற்காடும் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணக் கோட்டையும்தான் நினைவுக்கு வரும், பெரிய பாய்மரக் கப்பல்களும் பீரங்கிகளும் நினைவுக்கு வரும். சாலமன் இந்த ஓடத்தை வரைந்தபோது பழவேற்காட்டில் அவர்களுடைய கெல்டிரியா கோட்டை எழும்பி முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதே மக்கள் தங்கள் ஊரில் எப்படிப் புழங்கினார்கள் என்பதை நான் இந்த மாதிரி படங்களில்தான் முதலில் பார்த்தேன்.

ஓடத்தைத் தாண்டி ஆற்றைப் பார்த்தால் பாய் விரித்த படகுகள் தெரியும். டச்சு ஆற்றுப் படகுகளில் ஒரு விசேஷம் உண்டு. ஆழமில்லாத தண்ணீர் என்பதால் அவற்றுக்கும் அடி தட்டைதான். அடி தட்டையாக இருந்தால் பக்கவாட்டுக் காற்றில் படகு வழுக்கிக்கொண்டே போய்விடும். அதற்காகப் படகின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய பலகையைத் தொங்கவிட்டிருப்பார்கள், பறவை இறக்கையை மடக்கி வைத்தது போல. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கப் பலகையை மட்டும் தண்ணீருக்குள் இறக்கினால் படகு நேராகப் போகும். ஆழம் குறைந்தால் மேலே இழுத்துவிடலாம். அந்தக் கால ஆற்றோவியங்கள் எதையாவது பார்த்தால் படகின் விலாவில் இந்தப் பலகையைத் தேடிப் பாருங்கள். ஓவியர்களின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குப் படகைப் பற்றி நன்றாகத் தெரியும் என்பதால், தப்பாக வரைந்து தப்பிக்க முடியாது.

சாலமனின் மற்ற ஆற்றுக்காட்சிகளில் மீன்பிடிப்பும் நிறைய வரும். ஒரு சிறு படகில் இரண்டு பேர், ஒருவர் துடுப்பைப் பிடித்திருப்பார், மற்றவர் குனிந்து பறியைத் தூக்குவார். விலாங்கு பிடிக்கும் பறி. பிரம்பில் பின்னியது, உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. சில படங்களில் வலையை இரண்டு பக்கமும் பிடித்துக் கரையை நோக்கி இழுப்பார்கள். அந்த முதுகு வளைவைப் பாருங்கள். இரண்டு மூன்று தூரிகைத் தீற்றல்தான், முகம்கூட இருக்காது. ஆனால் எவ்வளவு பாரத்தை இழுக்கிறார் என்று அந்த முதுகே சொல்லிவிடும். உடற்கூறு எல்லாம் அளந்து வரைந்த எத்தனையோ பெரிய படங்களைவிட எனக்கு அந்த முதுகு பெரிது.

சரி, இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். கதை இல்லாத இந்தப் படத்தில் என்ன இருக்கிறது?

கதை இல்லாமல் வரையலாம் என்ற துணிச்சலே அப்போது புதிது. அதற்கு முந்தைய தலைமுறை வரை நிலக்காட்சி என்றால் பெரும்பாலும் ஏதாவது ஒரு புனிதக் கதைக்குப் பின்னணி. மலை, பாறை, பள்ளத்தாக்கு, அதன் மூலையில் எகிப்துக்குத் தப்பிப்போகும் மரியாள். ஹாலந்திலோ மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பதினேழாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் ஹார்லம் நகரத்தில் சில ஓவியர்கள், நம் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதையே வரைவோம் என்று இறங்கினார்கள். அவர்களில் முக்கியமானவர் எசாயாஸ் வான் டெ ஃபெல்டெ. அவர் 1622-ல் வரைந்த ஓடப் படம் ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலும் மாடுகள் ஏறிய ஓடம்தான். ஆனால் இரண்டு கரையிலும் வீடு, மரம், ஆள் என்று நெரிசல், ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டே போகும். அவருடைய மாணவர் யான் வான் கோயன் அந்த நெரிசலைக் கலைத்தார். தொடுவானத்தைக் கீழே இறக்கினார். வானத்துக்குப் படத்தில் பாதிக்கு மேல் இடம் கொடுத்தார். நிறத்தையும் குறைத்துக்கொண்டார். பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை, இவ்வளவுதான். ஓக் பலகையில் மெல்லிசாக, ஈரம் காய்வதற்குள் வேகமாக வரைவார். பல இடங்களில் பலகையின் ரேகையே வண்ணத்துக்கு ஊடாகத் தெரியும். அந்த ரேகை ஆற்றின் ஓட்டம் போலவும் காற்றின் ஓட்டம் போலவும் வேலை செய்யும்.

இந்த வேகத்துக்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. அங்கே அப்போது ஓவியம் வாங்கியது அரண்மனையும் தேவாலயமும் மட்டும் இல்லை. கடைக்காரர், படகுக்காரர், ரொட்டி சுடுபவர் எல்லாரும் வாங்கினார்கள். சந்தையில் படம் விற்றது. 1641-ல் ராட்டர்டாம் சந்தைக்குப் போன ஓர் ஆங்கிலப் பயணி, விவசாயிகள்கூட வீடு நிறையப் படம் வாங்கி மாட்டுகிறார்களே என்று வியந்து நாட்குறிப்பில் எழுதிவைத்தார். விலை குறைவாக இருக்க வேண்டும் என்றால் நேரம் குறைய வேண்டும். விலை உயர்ந்த வண்ணமும் குறைய வேண்டும். வான் கோயன் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்கள் வரைந்தார். அப்படியும் துலிப் கிழங்கு வியாபாரத்திலும் நிலத்திலும் பணத்தைப் போட்டுத் தொலைத்து, 1656-ல் கடனோடு இறந்தார். எவ்வளவு உழைத்த மனிதர்! அவர் முடிவைப் படிக்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

சாலமன் வேறு மாதிரி. 1600-ஐ ஒட்டி நார்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா தச்சர். குடும்பப் பெயர் டெ ஹோயர், அப்புறம்தான் ராய்ஸ்டால் என்று மாற்றிக்கொண்டார்கள். 1623-ல் ஹார்லம் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார், 1670-ல் இறக்கும் வரை அந்த ஊரிலேயே இருந்தார். மென்னோனைட் என்ற சிறிய, அமைதி விரும்பும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ஓவியத்தோடு இன்னொரு தொழிலும் வைத்திருந்தார். ஹார்லம் அன்று துணி வெளுப்புக்குப் பெயர் போன ஊர். அந்த வெளுப்பு நிலையங்களுக்கு நீலம் விற்கும் வியாபாரம் அவருடையது. நாம் வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிறோமே, அதே காரியத்துக்குத்தான். வானத்தை வரைந்தே வாழ்ந்த ஒருவர் நீலம் விற்றும் பிழைத்தார் என்பது எனக்கு மறக்கவே மறக்காத செய்தி.

நீலம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பழைய டச்சு ஓவியங்களின் வானம் சாம்பலாகவோ பழுப்பாகவோ இருந்தால், ஓவியர் அப்படித்தான் வரைந்தார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடியைப் பொடித்துச் செய்த ஸ்மால்ட் என்ற மலிவான நீலத்தை அன்று பலர் பயன்படுத்தினார்கள். எண்ணெயில் கலந்த ஸ்மால்ட் காலப்போக்கில் நிறம் இழந்து சாம்பலாகிவிடும். வரைந்த அன்று நீலமாக இருந்த வானம் இன்று மந்தாரமாகத் தெரியும்.

1630-களில் சாலமனும் வான் கோயனைப் போலவே மங்கிய நிறத்தில்தான் வரைந்தார். இருவர் படத்தையும் பிரித்துச் சொல்வது சில சமயம் நிபுணர்களுக்கே சிரமம். ஆனால் 1640-களில் அவர் படம் மாறுகிறது. மரங்கள் ஓங்கி வளர்கின்றன, இலை பச்சையாகிறது, வானத்தில் வெளிச்சம் கூடுகிறது, படத்தின் அளவும் பெரிதாகிறது. நம்முடைய 1649 ஓவியம் இந்த மாற்றத்தின் உச்சத்தில் பிறந்தது.

இதன் அமைப்பைக் கவனியுங்கள். ஒரு பக்கக் கரையில் உயரமான மரக்கூட்டம், அடுத்து கொஞ்சம் சிறியது, அப்புறம் இன்னும் சிறியது, இப்படி வரிசையாகத் தேய்ந்துகொண்டே தொடுவானம் வரை போகிறது. மறுபக்கம் முழுக்கத் திறந்த தண்ணீர், பாய்கள், வானம். இதனால் கண் மரங்களைப் பிடித்துக்கொண்டே ஆற்றின் உள்ளே போய்விடுகிறது. அப்படிப் போகிற கண்ணைக் குறுக்கே வந்து நிறுத்துவது இந்த ஓடம். மரங்களின் அடி இருட்டு, ஓடத்தில் நிற்கும் மாடுகளில் வெளிச்சம். முகமில்லாத சில மனிதர்களும் மாடுகளும் கூடிய ஒரு கூட்டத்துக்கு, கிறிஸ்துவின் திருமுழுக்கை வரைபவர் கொடுக்கும் இடத்தை, கொடுக்கும் வெளிச்சத்தை சாலமன் கொடுத்திருக்கிறார். அடுத்த கரைக்குப் போவது அவ்வளவு முக்கியமான காரியம் என்று அவர் நினைத்திருக்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆண்டையும் மறக்க வேண்டாம். ஸ்பெயினோடு எண்பது ஆண்டுகளாக விட்டுவிட்டு நடந்த போர் 1648-ல்தான் மியூன்ஸ்டர் உடன்படிக்கையோடு முடிந்தது. மறு ஆண்டே இந்தப் படம். சாலமன் சமாதானத்தை மனதில் வைத்துத்தான் வரைந்தார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், இதே காட்சியை அவர் போர் நடந்தபோதும் வரைந்திருக்கிறார். ஆனால் அன்று இதை வாங்கி வீட்டில் மாட்டியவருக்கு, மாடும் ஆளும் பயமில்லாமல் ஆறு கடப்பது வெறும் மாடும் ஆளுமாகத் தெரிந்திருக்காது.

இது அப்படியே கண்ணால் கண்ட காட்சியா என்றும் சிலர் கேட்பார்கள். இல்லை. அன்று எண்ணெய் ஓவியத்தை வெளியில் உட்கார்ந்து வரையும் வழக்கம் கிடையாது. சிறு ஏட்டில் கரிக்கோலால் குறித்துக்கொண்டு வந்து, வீட்டுப் பட்டறையில் வரைவார்கள். கோபுரத்தை இடம் மாற்றுவார்கள், இல்லாத மரத்தை நடுவார்கள். உட்ரெக்ட் அருகே இருந்த பெல்லெகஸன் என்ற பழைய கோட்டை வாசலை வான் கோயன் பல படங்களில் வரைந்திருக்கிறார், ஒவ்வொன்றிலும் சுற்றுப்புறம் வேறு. படகும் பாயும் மாடும் உண்மை, அவற்றைக் கோத்த விதம் கற்பனை. சாலமனின் அண்ணன் மகன் யாக்கப் வான் ராய்ஸ்டால் பிற்பாடு இந்த வகையை எங்கோ கொண்டுபோனார், அவருடைய 'வெய்க் பெய் டூர்ஸ்டெடெ காற்றாலை'யில் ஆறும் வானமும் இடி மாதிரி எழுந்து நிற்கும். உலகம் கொண்டாடுவது யாக்கபைத்தான். ஆனால் அன்றாடம் வாழ்ந்து பார்க்க எனக்கு சித்தப்பாவின் ஆறே போதும்.

கடைசிக் கேள்வி, படம் அமெரிக்கா போன கதை. இது மனதை உலுக்கும் கதை.

இந்த ஓவியத்துக்கு இன்னொரு தலைப்பும் வழங்குகிறது: 'நைன்ரோடெ அருகே ஃபெக்ட் ஆற்றில் மாடுகளுடன் ஓடம்'. நைன்ரோடெ என்பது உட்ரெக்ட் மாகாணத்தில் ப்ரூகெலன் ஊரை ஒட்டி, ஃபெக்ட் ஆற்றங்கரையில் நிற்கும் பழைய கோட்டை. (நியூயார்க்கின் புரூக்ளின் இந்த ப்ரூகெலன் பெயரிலிருந்து வந்ததுதான்.) 1930-ல் அந்தக் கோட்டையை வாங்கியவர் யாக் கௌட்ஸ்டிக்கர், ஆம்ஸ்டர்டாமின் பெரிய ஓவிய வணிகர், யூதர். சாலமனின் இந்த ஓடமும் அவரிடம்தான் இருந்தது. 1940 மே 10 அன்று ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது. நான்கு நாளில் கௌட்ஸ்டிக்கர் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். விளக்குகள் அணைத்த கப்பல். இருட்டில் மேல்தளத்தில் நடந்தவர், தளத்தில் திறந்து கிடந்த சரக்கு அறையின் திறப்பு வழியாகக் கீழே விழுந்து இறந்துபோனார். அவர் சட்டைப்பையில் ஒரு சிறிய கறுப்பு நோட்டு இருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்களின் பட்டியல் அதில் இருந்தது.

விட்டுவந்த சேகரிப்பில் பெரும்பகுதி நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங் கைக்குப் போனது. போர் முடிந்ததும் நேச நாடுகள் மீட்ட படங்களை டச்சு அரசிடம் ஒப்படைத்தன. அரசோ அவற்றைக் குடும்பத்துக்குத் தராமல் தன்னிடமே வைத்துக்கொண்டது. மனைவி போராடிப் பார்த்தார், முழுதாகக் கிடைக்கவில்லை. அவரும் மகனும் 1996-ல் இறந்த பிறகு, மருமகள் மரேய் வான் சாஹர் வழக்கைக் கையில் எடுத்தார். 2006-ல் டச்சு அரசு சுமார் 200 ஓவியங்களைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கறுப்பு நோட்டு இல்லாவிட்டால் எது யாருடையது என்று காட்டுவது மிகவும் கடினமாகியிருக்கும். திரும்பி வந்தவற்றில் இந்த ஓடமும் ஒன்று. 2007-ல் வாஷிங்டன் தேசிய கலைக்கூடம் அதை வாங்கியது.

நைன்ரோடெ கோட்டை இன்றும் இருக்கிறது, ஒரு வணிகப் பல்கலைக்கழகம் அங்கே நடக்கிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து உட்ரெக்டுக்கு ரயிலில் போகிறவர்கள் ப்ரூகெலனில் இறங்கினால் ஃபெக்ட் கரைக்கு நடந்தே போய்விடலாம்.